மடிப்பில் இருந்த மதில்

காலை ஐந்து மணி முப்பத்தொரு நிமிடம். இருட்டில் முதலில் தெரிந்தது ஒரு கூரை. வளைந்து போகும் இரும்புச் சட்டங்கள், அவற்றுக்கிடையே கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் வெளிறிய வானம். படத்தின் வலது மூலையில் ஒரு பெருவிரல். பெருவிரலுக்குப் பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் நேரம்: 9:12.

அது இங்கிலாந்தில் யோர்க் நகரத்துப் புகையிரத நிலையத்தின் கூரை. நான் மெல்பேணில், நோபல் பார்க்கில், போர்வைக்குள் கிடந்தேன். படத்தை எடுத்தவன் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் நண்பன். அவனுடைய அறை இரண்டு கிழமையாகப் பூட்டிக் கிடந்தது. தமக்கையின் மகளுடைய கலியாணத்துக்கென்று லண்டன் போனவன், அதில் ஒரு நாளை எடுத்து யோர்க்கைத் தனியாகச் சுற்றிப் பார்த்திருந்தான். இரவு லண்டனுக்குத் திரும்பி, தமக்கை வீட்டில் வைஃபை கிடைத்ததும் எல்லாப் படங்களையும் ஒரேயடியாக அனுப்பிக்கொண்டிருந்தான். கைத்தொலைபேசி தலையணைக்குப் பக்கத்தில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அறுபத்து நான்கு படங்கள். கடைசியில் ஒரு குரல்பதிவு.

"மச்சான், உன்ர ஊரைப் பாத்திட்டன். கால் ரெண்டும் கழண்டு போச்சு. இப்ப படுக்கப் போறன், நாளைக்குக் கதைப்பம்."

பகிடியாகச் சொன்னான். நான் அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். 'பாத்திட்டன்' என்ற இடத்தில் கொட்டாவி விட்டிருந்தான்.

யோர்க் என் ஊரானது இப்படித்தான். மெல்பேணுக்கு வந்த முதல் வருடம் நாங்கள் இரண்டு பேரும் டண்டினொங்கில் இலவச ஆங்கில வகுப்புக்குப் போனோம். ஆசிரியை ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்தார். ஆளுக்கொன்று எடுத்து அடுத்த கிழமை ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். அவனுக்குக் கேக் செய்யும் புத்தகம் கிடைத்தது. எனக்கு மடித்து வைக்கும் ஒரு சுற்றுலாக் கையேடு. பழைய நகரம், அதைச் சுற்றி மதில். மதிலின் மேல் யாரும் ஏறி நடக்கலாம். சீட்டு வாங்கத் தேவையில்லை, யார் நீ என்று கேட்பார் இல்லை. நான் பதினொரு நிமிடம் பேசினேன். ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார், ஆனால் நிறுத்தவில்லை. வகுப்பு முடிந்ததும் கையேட்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அதற்குப் பிறகு பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அந்த மதிலின் வாசல்கள், அவற்றின் வரிசை, எந்த இடத்தில் படி, எந்த இடத்தில் ஆறு குறுக்கிடுவதால் இறங்கிப் பாலத்தைக் கடக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு நோபல் பார்க் கடைத்தெருவைப் போலத் தெரியும்.

நானும் அவனும் ஒரே படகில் வந்தவர்கள். அகதி விண்ணப்ப நேர்காணலில் தேதிகளைக் கேட்டபோது அவன் பெரும்பாலானவற்றுக்கு ஞாபகமில்லை என்றான். நான் எல்லாவற்றையும் நாளும் மாதமுமாகச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதுதான் என் வேலை. முதல் நேர்காணலில் ஒரு மாதத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டதை இரண்டாவது நேர்காணலில் நானே எடுத்துச் சொல்லித் திருத்தினேன். எனக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் அந்த மாதம் ஒரு முரண்பாடாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அவனுக்குத் தற்காலிக விசா, பிறகு நிரந்தரம், பிறகு குடியுரிமை. எனக்கு இன்னும் பிரிட்ஜிங் விசா. இருக்கலாம், வேலை செய்யலாம். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது.

பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று அவன் அதைக் குசினி மேசையில் வைத்து, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்றான். மூன்று தடவை பார்த்தேன். பிழை கிடைக்கவில்லை.

யோர்க்குப் போ என்று அவனைத் தூண்டியதும் நான்தான். அவன் டைல் பதிக்கிறவன். பழைய நகரங்களில் அவனுக்கு ஆர்வமில்லை. "ஒரு நாள்தானே, எனக்காகப் போ" என்றேன். போவதாகச் சொன்ன கணத்திலிருந்து எனக்கு அவனைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் திட்டம் எழுதிக் கொடுத்தேன், ஒரு தாளில், மணி மணியாக. கையேட்டிலிருந்த வரைபடம் சிறியது. ஒரு பெரிய வெள்ளை அட்டையில் அதைப் பெரிதாக்கி வரைந்தேன். மதிலுக்குச் சிவப்பு, ஆற்றுக்கு நீலம். விரித்து மடித்து விரித்து மடித்துக் கையேட்டின் மடிப்புகள் தேய்ந்து வெளுத்திருந்தன. நகரத்தின் கிழக்கில் இரண்டு மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் மதிலின் கோடு காணாமல் போயிருந்தது. இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். அரை நிமிட வேலை.

"போனில மேப் பாக்காத. இதைப் பாத்து நட."

"சரி மச்சான்."

"சத்தியம் பண்ணு."

"டேய், மதிலில நடக்கிறதுக்குச் சத்தியமோ?" என்றான். பிறகு செய்தான்.

நோபல் பார்க் நிலையத்தின் மேடை தூண்களில் உயர்த்திக் கட்டியது. அங்கே நின்றால் வீட்டுக் கூரைகள் கீழே தெரியும். யூன் மாதக் குளிர்கால இருட்டில் அவற்றின் மேல் ஈரம் மட்டும் மினுங்கியது. ஆறு நாற்பத்திரண்டு ரயிலுக்கு நின்றபடி இரண்டாவது படத்தைத் திறந்தேன். 9:31. மதிலில் ஏறும் படிகள். முதல் படியில் அவனுடைய சப்பாத்து. நான் கடனாகக் கொடுத்த சப்பாத்து அது. மழைக்கு நல்லது என்று சொல்லியிருந்தேன். என் சப்பாத்து ஏறியிருக்கிறது.

டண்டினொங்கில் உறைந்த உணவு பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஓடிவரும் பட்டியின் முன் நின்று, பொதிகளில் லேபல் நேராக ஒட்டியிருக்கிறதா, காலாவதித் தேதி சரியா என்று பார்ப்பேன். பிழையானதை எடுத்து வெளியே வைப்பேன். நல்ல கண் என்று சொல்கிறார்கள். அன்று காலை இரண்டு பெட்டிகள் பிழையான தேதியோடு என்னைத் தாண்டிப் போயின. என் பட்டியில் அது முதல் தடவை.

ஒன்பதரை இடைவேளையில் படங்களைச் செய்தி அறையில் பார்ப்பதுபோல நேர வரிசையில் பார்த்தேன். 9:58, ஆறு. 10:20, பெரிய தேவாலயத்தின் முகப்பு, கோபுரங்களின் உச்சி வெட்டுப்பட்டிருந்தது. 10:24 முதல் 10:51 வரை வாத்துகள். ஆற்றங்கரைப் புல்லில் சாம்பல் நிறப் பெரிய வாத்துகள், பதினொரு படங்கள். ஒன்றில் வாத்து அவனுடைய பையைக் கொத்துகிறது. ஒன்றில் அவன் வாத்தைப் போலக் கழுத்தை நீட்டித் தன்னையே எடுத்திருக்கிறான். என் திட்டத்தில் அந்த அரை மணி நேரத்துக்கு நான் எழுதியிருந்தது: 'வடமேற்கு வாசல், பிறகு மதிலில் இருந்து தேவாலயத்தின் பின்புறம், நின்று பார்க்கவும்.' நின்று பார்த்திருக்கிறான், வாத்துகளை.

"என்னண்ணா, காலையிலயே போன்ல மூழ்கிட்டீங்க?"

தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்யும் மதுரைக்காரப் பெண். தேநீர்க் கோப்பையோடு எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தார். நான் படத்தைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம்.

"அட, யோர்க்கு! நான் அங்கதான் மாஸ்டர்ஸ் படிச்சேன். ஒரு வருஷம்."

இரண்டு வருடமாக ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறோம். இது எனக்குத் தெரியாது.

"மதிலில நடந்திருக்கிறீங்களா?"

"எங்கண்ணா நேரம்? காலேஜ், பார்ட் டைம், ரூம். பஸ்ல போறப்ப தினம் பாப்பேன். இன்னைக்கு ஏறலாம், நாளைக்கு ஏறலாம்னே ஒரு வருஷம் ஓடிருச்சு. ஏறவே இல்ல."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும். ஏன் இப்பிடி முறைக்கிறீங்க?" என்று சிரித்தார். அவரே கையை நீட்டிப் படங்களைத் தள்ளிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். 1:52. ஒரு வாகனத் தரிப்பிடம், வரிசையாகத் தள்ளுவண்டிகள், பின்னால் ஒரு பெரிய கடை.

"ஐய, இந்தக் கடையிலதான் நான் காய்கறி வாங்குவேன்! கிழக்குப் பக்கம். இங்கருந்து அஞ்சு நிமிஷம் என் ரூம். அண்ணா, அந்தப் பக்கம் பாத்தீங்கன்னா…"

அவர் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல நான் கேட்க விரும்பவில்லை. கைத்தொலைபேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அந்தப் பகுதியை மட்டும் கவனமாகப் பார்த்தேன். 1:10, வடகிழக்கு வாசலுக்கு மேல். 1:34, மதிலிலிருந்து இறங்கும் படிகள். 1:41, வாகனங்கள் ஓடும் ஒரு வீதி. 1:52, கடையின் தரிப்பிடம். அடுத்த படம் 2:29, கிழக்கிலுள்ள செங்கல் கோபுரம். மதிலின் அடுத்த துண்டு அங்கேதான் தொடங்குகிறது. கடைசிக்குச் சற்று முன்னால், 4:06, தேவாலயத்தின் மூடிய கதவு. உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. கிழக்கு மதில் நீளம், கால் வலி. அவன் இறங்கிக் கடைக்குப் போயிருக்கிறான். முப்பத்தேழு நிமிடம் கடையில் கழித்துவிட்டு, கோபுரத்துக்கு வீதியால் நடந்து போய், மறுபடி மதிலில் ஏறியிருக்கிறான். அந்த நேரம் பிந்தியதால் தேவாலயத்துக்குள்ளும் விடவில்லை. அறுபத்து நான்கு படங்களில் அந்தக் கணக்கு எங்கும் பிசகவில்லை. அன்றைக்கு முதல் தடவையாகச் சோறு இறங்கியது.

மாலை ஆறு மணிக்கு அவன் பேசினான். லண்டனில் காலை ஒன்பது. பின்னால் பாத்திரங்கள் கழுவுகிற சத்தம்.

"மச்சான், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு அன்ரி ஒரு பயணக் கட்டுரை கேட்டவ. நீ எழுது, என்ர பேரைப் போடு."

"போனது நீ. நீயே எழுதன்."

"எனக்கு எழுத வருமே? ஒரு பாத்ரூமைக் காட்டு, டைல் ஒட்டித் தாறன். படம் எல்லாம் உன்னட்டக் கிடக்கு. என்னை விட உனக்கு அந்த ஊர் தெரியும்."

"மதில் எப்பிடி இருந்தது?"

"கல்லுக் கல்லாத் தட்டிப் பாத்தனான் மச்சான். ஒண்டும் ஆடேல்லை. என்ன பூச்சோ தெரியாது."

எனக்கு அது தெரியாது. கையேட்டில் கல்லைத் தட்டினால் என்ன சத்தம் வரும் என்று இல்லை.

"முழுக்க நடந்தனியோ?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. "ஓம்," என்றான் பிறகு. "ஓமெண்டே எழுது."

செய்தி அறையில் பழகிய காதுக்கு அந்த இடைவெளி போதும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்று மாலைகள் குசினிக் கதிரையில் இருந்து எழுதினேன். 'நான் நடந்தேன்', 'நான் பார்த்தேன்' என்று வரும் ஒவ்வொரு வரியிலும் அந்த நான் அவன். வாத்துகளுக்கு ஒரு வரி கொடுத்தேன். கிழக்கு மதிலுக்குப் பதினொரு வரி. அவன் கடையில் நின்ற நேரத்தில் தவறவிட்டதை எல்லாம் அதில் வைத்தேன்: காலடியில் தேய்ந்த கல், அம்பெய்யும் துவாரங்கள், மாடங்களினூடே தெரியும் செங்கல் வீடுகளின் புகைபோக்கிகள், தூரத்தில் மெல்லப் பெரிதாகிவரும் கோபுரம். கட்டுரையில் ஆகச் சிறந்த பத்தி அதுதான். எழுதி முடித்து இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தேன். கைத்தொலைபேசியில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடம்தான் எடுத்திருக்கும். நாளிதழில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது, நிச்சயமாகத் தெரிந்ததைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும் என்பது.

சனிக்கிழமை கட்டுரையைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். மலரைத் தொகுக்கும் அன்ரி கொழும்பில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். தேத்தண்ணி நேரம், பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தகப்பன்மார் நாலைந்து பேர் அங்கே நின்றார்கள்.

"நண்பர் முழு மதிலும் சுத்தி வந்தவராமே?" என்றார் அன்ரி.

"கட்டுரையில சுத்தி வந்தவர் அன்ரி," என்றேன். "உண்மையில நடுவில இறங்கிக் கடைக்குப் போட்டார். படத்தில நேரம் கிடக்கு."

"வெங்காயம் மலிவெண்டு போட்டிருப்பாங்கள்," என்றார் ஒருவர்.

"ஆயிரம் வருச மதிலை விட ஒரு கிலோ வெங்காயம் பெரிசு," என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சந்தோஷம் டண்டினொங் நிலையம் வரை கூட வந்தது.

அவன் திரும்பி வந்த கிழமைச் சனிக்கிழமை இருவரும் அவனுடைய வான் வண்டியில் பள்ளிக்குப் போனோம். எனக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வந்திருந்தான். வாசலிலேயே தொடங்கிவிட்டார்கள்.

"வெங்காயம் கொண்டு வந்தனீரோ?"

"என்ன வெங்காயம்?" என்று அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். யாரும் விளக்கவில்லை.

உள்ளே அன்ரி மலரின் அச்சுப் படியை மேசையில் விரித்து வைத்திருந்தார். எட்டாம் பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு, இருவரையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பிமார், எனக்கு ஒரு கணக்குப் பிழைக்குது. இவர் சொல்லுறார், நீர் நடுவில இறங்கிக் கடைக்குப் போட்டீராம். கட்டுரையில உம்மட பேரில கிடக்கு, கிழக்கு மதில் முழுக்க நடந்தனீரெண்டு. இதில எது சரி? பிள்ளையள் வாசிக்கிற புத்தகம்."

அவன் அந்தப் பத்தியைக் குனிந்து வாசித்தான். மெல்ல வாசிப்பவன். பதினொரு வரியும் முடிய நேரம் எடுத்தது. பிறகு என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. என்ன சொல்வது என்று கூட்டிப் பார்க்கிற முகம்.

"நான் களைச்சுப் போய் இறங்கினது உண்மைதான் அன்ரி," என்றான். "கடைக்குப் போனனான்."

"அப்ப இதை வெட்டவோ?"

"அதை அவனிட்டக் கேளுங்கோ. நல்லா எழுதியிருக்கிறான்."

பின்னால் யாரோ வெங்காயம் என்றார்கள். அவன் காதில் விழாததுபோல நின்றான்.

வானில் ஏறிச் சாவியைப் போட்டுவிட்டு, ஓட்டாமல் இருந்தான். இருக்கைக்கு முன்னாலிருந்த சிறு பெட்டியைத் திறந்து என் அட்டையை எடுத்தான். மழையில் நனைந்து காய்ந்து அலையலையாக வளைந்திருந்தது. மடியில் விரித்து, கிழக்கில் விரல் வைத்தான்.

"மச்சான், இதில மதில் இல்லை."

"எதில?"

"இதில. இந்தக் கோடு கிடக்கிற இடத்தில. படியால இறங்கினா வீதி. வீதிக்கு அங்கால டயர்க் கடை, சூப்பர் மார்க்கெட், கார் விடுற இடம். மதில் இல்லை."

"இடிஞ்சு போச்சோ?"

"கட்டவே இல்லையாம். நான் உன்ர மதிலை நாப்பது நிமிசம் தேடினனான் மடையா. அந்தக் கடைக்குப் பின்னால போய்க் குப்பைத் தொட்டியள் எல்லாம் பாத்தனான். கடைசியில நாயோட வந்த ஒரு கிழவரை மறிச்சு இதைக் காட்டினன். பாத்திட்டுச் சிரிச்சவர்."

"சிரிச்சவரோ?"

"சிரிச்சவர். பிறகு மன்னிப்புக் கேட்டவர். முந்தி அதில பெரிய குளமும் சேறுமாம். ஆரும் அதுக்குள்ளால வர ஏலாதாம். அதால மதில் தேவைப்படேல்லையாம். நாய்க்கு அவசரம், இல்லாட்டி இன்னும் சொல்லியிருப்பார்."

நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புக் கோடு மழையில் கொஞ்சம் ஊறி இளஞ்சிவப்பாகப் பரவியிருந்தது. மற்ற இடங்களைப் போலவே அங்கேயும் ஒரே தடிப்பு.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? எவ்வளவு வருசமா அந்தப் பேப்பரை வச்சு…" அவன் அட்டையை மடித்தான். "அதுக்குத்தான் முழுக்க நடந்தனெண்டு எழுதச் சொன்னனான். நீ என்னடா எண்டா, ஊர் முழுக்க நான் கடைக்குப் போனனெண்டு சொல்லியிருக்கிறாய்."

"படத்தில நேரம் இருந்தது."

"நேரம் இருந்தது," என்றான் அவன், என் குரலிலேயே. "உனக்கு எரிச்சல். அது எனக்குப் பாஸ்போர்ட் வந்த அண்டைக்கே தெரியும்."

"ஓம்."

"கனக்கவோ?"

"கனக்க."

அவன் வானை எடுத்தான். இரண்டு சந்திகள் தாண்டி, சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டான்: "வெங்காயம் எண்டு முதல் சொன்னது ஆர்?"

சொன்னேன்.

"அந்தாளுக்குப் போன வருசம் குளியலறை செய்து குடுத்தனான்," என்றான்.

வீட்டுக்கு வந்து கையேட்டை மேசை விளக்கின் கீழ் விரித்தேன். தொழிற்சாலையில் லேபல் பார்க்கத் தந்த உருப்பெருக்கிக் கண்ணாடி என்னிடம் இருந்தது. மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் தாள் வெளுத்து நார்நாராக இருந்தது உண்மை. ஆனால் மதிலின் கோடு அந்த வெளுப்புக்குள் போய் மறையவில்லை. இரண்டு பக்கமும், வெளுப்புத் தொடங்குவதற்கு ஒரு நெல்லளவு முன்னால், கோடு குறுக்காக வெட்டி முடிக்கப்பட்டிருந்தது. முனையில் குறுக்குக் கோடாக ஒரு சின்னக் கட்டை. மதிலின் மற்ற முனைகளிலும், ஆற்றங்கரைகளில், அதே கட்டை இருந்தது. அவற்றின் அர்த்தம் எனக்குத் தெரியும். வரைந்தவர் சரியாகத்தான் வரைந்திருந்தார்.

நண்பன் பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலால் பார்த்தான். "அதென்ன சின்னக் கட்டை?" என்றான்.

"மதில் இதோட முடியுது எண்டு அர்த்தம்."

"அப்ப அவங்கள் சொல்லித்தான் இருக்கிறாங்கள்," என்றான். அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனான்.

அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அன்ரி, எட்டாம் பக்கத்தில பிழை கிடக்கு. கிழக்குப் பக்கத்தில மதில் இல்லை. அந்தப் பத்தியை முழுக்க எடுக்கவேணும்."

"ஆற்ற பிழை?"

"என்ர."

"அப்ப அவர் கடைக்குப் போனது?"

"போகேல்லை அன்ரி. நான் கீறிக் குடுத்த மதிலைத் தேடித் திரிஞ்சவர்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"இண்டைக்கு என்ர முன்னால ஏன் பொய் சொன்னவர்?"

"எனக்காக."

"ம்," என்றார். "நீர் அண்டைக்குச் சொன்னது தேத்தண்ணி நேரத்தில. நாலு பேருக்கு முன்னால. திருத்தத்தையும் தேத்தண்ணி நேரத்திலதான் சொல்லவேணும், தம்பி."

"சொல்லுறன்."

"பதினொரு வரி வெளிக்குது. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. அந்த இடத்துக்கு வேற எழுதித் தாரும்."

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுத உட்கார்ந்தேன். அவனை எதிரில் இருத்தி, அந்த வீதியில் என்ன இருந்தது என்று கேட்டேன். டயர்க் கடையின் நிறம், வீதியின் அகலம், கோபுரம் எந்தத் திருப்பத்தில் தெரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் தெரிந்ததைச் சொன்னான். சிலவற்றுக்கு ஞாபகமில்லை என்றான். இரண்டு வரி எழுதி வெட்டினேன். மறுபடி எழுதி வெட்டினேன். டயர்க் கடையைக்கூட அவன்தான் பார்த்திருக்கிறான்.

"ஏன்டா கிடந்து மல்லுக்கட்டுறாய்?" என்றான். "ஒரு படத்தைப் போடு."

அடுத்த சனிக்கிழமை தேத்தண்ணி நேரத்தில் சொன்னேன். வெங்காயம் என்றவர் முதலில் நம்பவில்லை. நண்பனைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்று நினைத்தார். அட்டையையும் கையேட்டையும் மேசையில் விரித்துக் காட்டிய பிறகு நம்பினார். அன்ரி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அந்தச் சின்னக் கட்டைகளைத் தானே பார்த்தார்.

மலர் ஓகஸ்ட்டில் வெளிவந்தது. கட்டுரை எட்டாம் பக்கத்தில், அவனுடைய பெயரில். பதினொரு வரி இருந்த இடத்தில் வாத்துகள் நிற்கின்றன.